வண்டிக்குப் பெயர் தந்த மீட்டர்

கேள்வி: ‘டாக்ஸி’ என்ற சொல் எப்படி வந்தது? வரியைக் குறிக்கும் ‘டாக்ஸ்’தான் மூலம் என்கிறான் என் மகன். ஐரோப்பாவில் தபால் வண்டி நடத்திய டாக்ஸிஸ் குடும்பத்தின் பெயர் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. டாக்ஸிஸ் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தபால் நடத்தியது நிஜம். ஆனால் பெயர் ஒத்துப்போகிறதே தவிர, வேறு சம்பந்தம் இல்லை.

இடைக்கால லத்தீனில் ‘டாக்ஸா’ என்றால் மதிப்பிட்டு விதிக்கும் கட்டணம். வரிக்கான ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் அதுவே. கிரேக்கத்தில் ‘மெட்ரான்’ என்றால் அளவு. 1891-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் புரூன் உருவாக்கிய கட்டணக் கருவிக்கு இரண்டையும் சேர்த்து ‘டாக்ஸாமீட்டர்’ என்று பெயர். பிரெஞ்சில் அது ‘டாக்ஸி’மீட்டராக மாறியது. கருவியின் பெயர் வண்டிக்கு ஏறி, பிறகு பாதியாகச் சுருங்கிவிட்டது. மீட்டர் வைத்த முதல் மோட்டார் வாடகை வண்டி 1897-ல் ஸ்டுட்கார்ட்டில் ஓடிய டைம்லர். பத்தே வருடத்தில் நியூயார்க்குக்கும் வந்தாயிற்று.

நான் வளர்ந்தது மும்பை மாட்டுங்காவில். அப்போது அங்கே பத்மினி கார் டாக்ஸிகளில் மீட்டர் காருக்கு வெளியே, இடப்பக்கம் இருக்கும். டிரைவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, ‘கொடி’ என்ற அதன் கைப்பிடியைத் திருப்பினால் ஓட ஆரம்பிக்கும். சக்கரம் சுற்றுவதை ஒரு கேபிள் பல்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும். சிக்னலில் நின்றால் உள்ளிருக்கும் கடிகாரம் காத்திருப்புக் கட்டணத்தை ஏற்றும். கட்டணம் உயர்ந்தபோதும் மீட்டரில் பழைய எண்ணே ஓடும். அதற்கு நேராக அன்றைய தொகை அச்சிட்ட அட்டை டிரைவரிடம் இருக்கும். அப்பா அதை வாங்கி, விரல் வைத்துப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார். டிரைவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பேரம் பேசத் தெரியாதவருக்கும் ஊருக்குப் புதியவருக்கும் ஒரே கட்டணம் என்ற நியாயத்தைக் கொண்டுவந்தது அந்தக் கருவி. வண்டிக்கு அதன் பெயர் அமைந்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

இன்னொன்றையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். 1914 செப்டம்பரில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது, பாரிஸின் ராணுவ ஆளுநர் ஜெனரல் கலியேனி நகரத்து டாக்ஸிகளைத் திரட்டி, மார்ன் போர்முனைக்கு ஆயிரக்கணக்கான சிப்பாய்களை அனுப்பினார். சுமார் 600 வண்டிகள், பெரும்பாலும் ரெனோ. போருக்குத்தானே போகிறோம் என்று யாரும் மீட்டரை நிறுத்திவைக்கவில்லை. பிரெஞ்சு அரசு 70,000 பிராங்குக்கு மேல் வாடகை கொடுத்தது.