58 வயது, குதிகால் நாண் வலி: ஓடலாமா?

ஐயா, குதிகாலுக்கு மூன்று விரல் மேலே வலி, காலையில் முதல் பத்து அடி நொண்டல், ஓட ஓடக் குறைகிறது, மூன்று மாதமாக ஓய்வெடுத்தும் தீரவில்லை என்கிறீர்கள். கேட்ட வரைக்கும் அது நரம்பு இல்லை, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண். முழு ஓய்வு அதை இன்னும் பலவீனமாக்கும், சுமை கொடுத்தால்தான் தேறும்.

மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைத் தூக்கி இரண்டு காலாலும் எழும்புங்கள். வலிக்கிற காலால் மட்டும் மூன்று எண்ணி, குதிகால் படிக்குக் கீழே போகும்வரை மெல்ல இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15 தடவை, மூன்று சுற்று. லேசாக மடக்கி அதே அளவு. காலை, மாலை, 12 வாரம். கொஞ்சம் வலிக்கும், பயப்படாதீர்கள். சுலபமானதும் முதுகுப்பையில் 5 கிலோ அரிசி. வலி குதிகால் எலும்பிலேயே இருந்தால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் தரையில் செய்யுங்கள். இறக்கினால் எலும்பு நாணை நசுக்கும்.

ஓட்டம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் சமதளமாகப் பார்த்து. மலையேற்றம் இப்போதைக்கு வேண்டாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டீர்களா? அது நாணைப் பாதிக்கக்கூடியது, டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். 'பட்'டென்று அறுந்த மாதிரி இருந்து, ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்க முடியாமல் போனால் அன்றைக்கே எலும்பு டாக்டரைப் பாருங்கள்.