எல்லோருக்கும் செய்தேன், எனக்கு யார் செய்தார்கள்?

வணக்கம் மேடம். வயது 61. காட்பாடியில் தனியாக இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இல்லை, மகன் பெங்களூரில். பிறருக்கு உதவினால் மனம் நிறையும் என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் மிஞ்சுகிறது.

கொழுந்தன் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவள் நான். ஆவணியில் அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தார்கள். வைத்தியத்துக்காக வேலூர் வந்து, காந்தி ரோடு லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாமல் தவித்த ஒரு வங்காளிக் குடும்பத்துக்கு மாடிப் போர்ஷனைக் குறைந்த வாடகைக்கு விட்டேன். அந்த அம்மாவுக்குக் கஞ்சி, ரசம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஊருக்குப் போனவர்கள் ஒரு போன் செய்யவில்லை. தெருவில் பிரசவம் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள், விசேஷம் என்றால் மறந்துவிடுவார்கள். ஆடியில் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது ஓரகத்தி மட்டும் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். எனக்கு யார் கையையும் எதிர்பார்த்துப் பழக்கமில்லை, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன், அது கிடக்கட்டும். பந்தியில் அந்தப் பையன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை மேடம். உலகத்தில் நன்றியே இல்லையா? இனி யாருக்கும் எதுவும் செய்யாமல் இருந்துவிடட்டுமா?

- காட்பாடி வாசகி

அன்புள்ள அம்மா,

கடைசிப் பந்தி வலிக்கத்தான் செய்யும். ஆனால் நான் நின்றுபோன இடம் அந்தத் தூக்குச்சட்டி.

ஓரகத்தி என்றால் அந்தப் பையனின் அம்மாதானே? மகனைப் படிக்கவைத்தவர் படுத்துவிட்டார் என்று கஞ்சி காய்ச்சி எடுத்துவந்திருக்கிறாள். நீங்கள் தேடுகிற நன்றி வாசல் வரை வந்திருக்கிறது. அதை ஆடியில் திருப்பி அனுப்பினீர்கள். ஆவணியில் கடைசிப் பந்தி கிடைத்தது. அவர்கள் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாடி வீட்டு அம்மா உங்கள் கஞ்சியை இப்படித் தள்ளியிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

2008இல் எலிசபெத் டன் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலரிடம் 5 டாலர், சிலரிடம் 20 டாலர் கொடுத்து, சாயங்காலத்துக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் தங்களுக்காக, மீதிப் பேர் பிறருக்காக. பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பதால் வித்தியாசம் வரவில்லை. இதைக் காட்டி 'இன்னும் கொடுங்கள்' என்று எழுதிவிடலாம். உங்களுக்கு அது தேவையில்லை. அந்தச் சந்தோஷத்தை ஓரகத்திக்குக் கிடைக்காமல் செய்தீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எப்போதும் கொடுக்கிற இடத்திலேயே இருக்க ஆசைப்படுகிறீர்கள். அங்கே யாருக்கும் கடன்பட வேண்டாம், இயலாமை வெளியே தெரியாது. ஆனால் உங்களிடம் வாங்கியவர்கள் கடைசி வரை வாங்கியவர்களாகவே நிற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் முகம் பார்க்காததற்குக் காரணம் நன்றிகெட்டதனம் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். உங்களுக்கும் உள்ளூர இருப்பது, கை ஓய்ந்தால் நமக்கு யார் என்ற பயம்தான் என நினைக்கிறேன்.

உதவியை நிறுத்தவா என்று கேட்கிறீர்கள். பெரிய தொகைகளைச் சேமிப்பைப் பார்த்துக் கொடுங்கள், அவ்வளவுதான். சும்மா இருக்க உங்களால் முடியாது.

இந்த வாரம் ஓரகத்தி வீட்டுக்குப் போங்கள். பழம்கூட வாங்கிப் போக வேண்டாம், வெறுங்கையோடு போங்கள். காபி கொடுத்தால் குடியுங்கள். அப்புறம், "கண் டாக்டரிடம் போகணும், துணைக்கு வர்றியா?" என்று கேளுங்கள்.