துணிக்கா, புல்லுக்கா?

கேள்வி: கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குப் பகுதியில் கூடாரத்தில் தங்க ஆளுக்கு ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்களாமே! துணிக்குள் படுக்க இவ்வளவு கொட்டிக் கொடுப்பது பணக்காரக் கிறுக்குத்தானே?
– வாசகர், கரூர்

பதில்: பாதி கிறுக்குதான். சுவர் துணி என்றாலும் உள்ளே மரத்தரை, நாலு பேர் உருளும் கட்டில், வெந்நீர்க் குளியல், ராத்திரி போர்வைக்குள் வெந்நீர்ப் பை எல்லாம் உண்டு. நைரோபியிலிருந்து சின்ன விமானத்தில் போனால் 15 கிலோ மூட்டைதான், அதுவும் துணிப்பையில். நம் வீட்டுக் கல்யாணப் பெட்டிகள் வில்சன் விமான நிலையத்தைத் தாண்டாது.

பெரும்பாலான முகாம்களுக்கு வேலி கிடையாது. இருட்டியபின் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப, டார்ச்சோடு ஒரு மாசாய்க் காவலர் (மாடு மேய்க்கும் அந்த ஊர்ப் பழங்குடிக்காரர்) துணைக்கு வருவார். ஆற்றங்கரை என்றால் நீர்யானை மேய வருவதும் அதே வழியில்தான். நடுச்சாமத்தில் தூரத்துச் சிங்கம் கர்ஜித்தாலும் கட்டிலுக்கடியில் கேட்பதுபோல இருக்கும். ஏசி போட்ட கான்கிரீட் அறையில் இது கிடைக்குமா?

ஆனால் நீங்கள் துணிக்கு விலை கேட்கிறீர்கள். நான் புல்லுக்குக் கேட்பேன். மாசாய் மாரா அரசுக் காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். அதை ஒட்டிய நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி போன்ற புல்வெளிகள் மாசாய்க் குடும்பங்களின் பட்டா நிலம். அவற்றை ஒன்றாகச் சேர்த்து முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஓலாரே மோட்டோரோகியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்பது கணக்கு. அந்த 700 ஏக்கரை உழாமல், கம்பி வேலி போடாமல் விட்டுவைப்பதற்கான கூலியும் உங்கள் ஆயிரம் டாலருக்குள் இருக்கிறது. ராத்திரி ஜீப்பில் சுற்றுவதும், காவலரோடு நடந்து போவதும் இந்த நிலங்களில் முடியும்; காப்பகத்துக்குள் முடியாது.

அதற்காக முகாம்காரர்களுக்குக் கோயில் கட்டவும் வேண்டாம். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பேரில் இருப்பதால் பணமும் அவர்கள் கைக்கே போகிறது. 2020இல் கொரோனா வந்து பயணிகள் நின்றதும் பல இடங்களில் குத்தகைப் பணத்தைக் குறைத்துவிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், டான்சானியாவில், செரெங்கெட்டி தேசியப் பூங்காவை விட்டு மாசாய்களை 1959இல் வெளியேற்றிய கதை இன்னும் கசப்பு. அவர்கள் மாடு மேய்த்துக் காத்த புல்லைத்தான் 'மனிதக் கால் படாத பூமி' என்று பளபளத் தாளில் அச்சடித்து விற்கிறார்கள்.

சரி, போவதென்றே முடிவானால் பணம் கட்டுமுன் முகாமுக்கு எழுதிக் கேளுங்கள்: நிலம் யாருடையது, மாதக் குத்தகை எவ்வளவு? தலையணை உறையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதற்கு மழுப்பினால் வேறு முகாம் பாருங்கள். அப்புறம், முறுக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். 2017 முதல் கென்யாவில் அதற்குத் தடை.