யாருடைய கையொப்பத்தை நம்புவது?

கேள்வி: பணம் கட்டி வாங்கிய மென்பொருளைப் புதுப்பிக்கும்போது 'பொதுச் சாவி இல்லை' என்று பிழை வருகிறது (மென்பொருளில் விற்பனையாளர் இட்ட மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் கோப்புதான் அந்தச் சாவி). கையொப்பச் சோதனையை நிறுத்தினால் வேலை நடக்கிறது. அப்படியே விடலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: விற்பனையாளரின் குறிப்பு, 'ஆப்ட்-கீ' கட்டளையால் சாவியைச் சேர்க்கச் சொல்கிறது. நான் பயன்படுத்தும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13-இல் அந்தக் கட்டளையே இல்லை. பிழை யாருடையது?

பதில்: குறிப்பைத் திருத்தாமல் இன்றும் பணம் வாங்குபவருடையது. அந்தக் கட்டளை, கொடுத்த சாவியைப் பொதுக் கொத்தில் கோத்துவிடும். கொத்திலுள்ள எந்தச் சாவியும், தனிச் சாவி சுட்டப்படாத எந்தக் களஞ்சியத்துக்கும் (மென்பொருள் வந்திறங்கும் இணையக் கிடங்கு) சான்று சொல்லலாம் என்பதால், அச்சுப்பொறிக்கு ஒரு சிறு செயலி விற்றவரின் சாவி திருடுபோனால்கூட, அதைக்கொண்டு கையொப்பமிட்ட போலிக் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக் கருவை, கணினி மறுபேச்சின்றி ஏற்கும் ஆபத்து உண்டு. சாவியைக் 'கீரிங்ஸ்' அடைவில் தனிக் கோப்பாக வைத்து, அந்த விற்பனையாளரின் களஞ்சியத்தைக் குறிக்கும் அமைப்பு வரியில் மட்டும் 'சைன்ட்-பை' (இந்தச் சாவியால் கையொப்பமிட்டது) என்று சுட்டினால், அதன் அதிகாரம் அங்கேயே நின்றுவிடும். சில மென்பொருள் தொகுப்புகளோ, நிறுவும்போதே தம் சாவியைப் பொதுக் கொத்தில் தாமாகவே செருகிவிடுகின்றன. வாங்கியவரைக் கேட்காமல் செய்யும் இதை நான் வணிக ஒழுக்கக்கேடு என்றே சொல்வேன். நிறுவியபின் கொத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: சாவியின் அடையாளத் தொடரான கைரேகையில் கடைசி எட்டு எழுத்துகள் ஒத்துப்போயின. போதுமா?

பதில்: போதாது. எட்டு எழுத்துகள் ஒத்துப்போகும் போலிச் சாவியைச் சில நொடிகளில் உருவாக்கலாம் என்று 2014-லேயே காட்டிவிட்டார்கள். கைரேகையின் நாற்பது எழுத்துகளையும் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கும் சோம்பல் என்றால் என்னிடம் மருந்தில்லை.

கேள்வி: சாவி, கைரேகை இரண்டையும் விற்பனையாளரின் தளத்திலேயே சரிபார்த்தேன். தளமே களவாடப்பட்டிருந்ததாம். தவறு என்னுடையது என்கிறார்கள்.

பதில்: உங்களுடையது அல்ல. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்தினுள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பையே கள்ள நகலுக்குத் திருப்பினார்கள். அன்று தளத்தை நம்பியவர்களை யாரும் குற்றவாளியாக்கவில்லை. அந்தச் சாவியை நீக்கி, கணினியில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்; புதிய கைரேகையை வேறொரு வழியிலும் வெளியிடுமாறு எழுத்தில் வற்புறுத்துங்கள்.

கேள்வி: சாவி காலாவதியாகிவிட்டது. கணினிக் கடிகாரத்தைப் பின்னே தள்ளி வைத்துச் சமாளிக்கிறேன்.

பதில்: கடிகாரத்தைத் திருத்திவிட்டு, நீட்டிக்கப்பட்ட சாவியை விற்பனையாளரிடம் கேளுங்கள். அவர் தருவார் என்று மட்டும் உறுதி சொல்ல மாட்டேன். 'வாழ்நாள் முழுவதும் புதுப்பிப்பு' என்று அட்டையில் அச்சிட்டிருந்ததை நம்பி, கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி ஒன்றை நானும் வாங்கினேன். இரண்டாம் ஆண்டில் அதன் சாவி காலாவதியானது. கடிதம் எழுதினேன், புதிய மாடலின் விலைப்பட்டியலை அனுப்பிவைத்தார்கள்.