ரிதம் அண்ட் ப்ளூஸ் இசை வரலாற்றைப் பற்றிப் பெண் இயக்குநர் எடுத்த நல்ல ஆவணத் தொடர் ஏதாவது உண்டா?

உண்டு. ஜமீலா விக்னாட் இயக்கி, 2024 மே மாதம் எச்பிஓ தொலைக்காட்சியில் வந்த 'ஸ்டாக்ஸ்: சோல்ஸ்வில் யு.எஸ்.ஏ.' ஸ்டாக்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனியின் கதை. நான்கு பாகம்தான். கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த இந்த இசையைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

அமெரிக்க இசை ஆவணப்படங்கள் பெரும்பாலும் ஆண்கள் எடுத்தவை. 2003-இல் மார்ட்டின் ஸ்கார்செஸி தயாரிப்பில் ப்ளூஸ் பற்றி ஒரு பெரிய தொடர் வந்தது. ஏழு படம், ஏழு இயக்குநர். ஒருவர்கூடப் பெண் இல்லை. ஆனால் ஆவணப்படத் துறையில் கறுப்பினப் பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டார்கள். மேடலின் ஆண்டர்சன் 1960-லேயே 'இன்டக்ரேஷன் ரிப்போர்ட் 1' எடுத்தார். சார்ல்ஸ்டன் நகர மருத்துவமனைகளில் கறுப்பினப் பெண் ஊழியர்கள் 1969-இல் நடத்திய வேலைநிறுத்தத்தையும் படமாக்கினார். விக்னாட்டை அந்த வழியில் வந்தவராகத்தான் நான் பார்க்கிறேன். 146 பேரைப் பலிகொண்ட நியூயார்க் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீ விபத்தைப் பற்றி 2011-இல் படம் எடுத்தவர் அவர். உழைப்பு யாருடையது, பணம் யாருக்குப் போனது என்ற கேள்வியை இசைக்கும் கொண்டுவருகிறார். அதனால்தான் இந்தத் தொடர் எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது.

கதை அமெரிக்கத் தெற்கிலுள்ள மெம்ஃபிஸ் நகரில் நடக்கிறது. பகலில் வங்கி வேலை பார்த்த ஜிம் ஸ்டீவர்ட் 1957-இல் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி தொடங்குகிறார். ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் இல்லை. அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தன் வீட்டை அடமானம் வைத்து 2,500 டாலர் புரட்டிக் கொடுக்கிறார். மெக்லெமோர் அவென்யூவில் மூடிக் கிடந்த கேபிடல் தியேட்டரை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். நாற்காலிகளை எடுத்தாலும் தியேட்டரின் சரிவான தரை அப்படியே இருந்தது. அந்தப் பாட்டுகளின் தனி ஒலிக்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். முன்னால் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் ரெக்கார்டு கடை போட்டார். உள்ளே பதிவான பாட்டை அங்கே போட்டுவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எதைக் கேட்டு ஆடுகிறார்கள், எதை வாங்குகிறார்கள் என்று கவனித்து ஸ்டுடியோவுக்குச் சொல்வார். ஸ்டாக்ஸ் என்ற பெயரில் பாதி ஸ்டீவர்ட், பாதி ஆக்ஸ்டன். ஆனாலும் எஸ்டெலின் பங்கைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அது எப்போதும் வருத்தம்.

அங்கே வாசித்த புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் இசைக்குழுவில் தொடக்கத்தில் மூன்று கறுப்பர், ஒரு வெள்ளையர். இனப் பிரிவினை நிலவிய ஊரில், 1962-இல், இவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற இசைத்துண்டைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டில்தான் வேறொரு கலைஞருக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்த ஓட்டிஸ் ரெடிங் கடைசியில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் பாடிக் காட்டினார். அப்புறம் ஐந்தே ஆண்டுகள். 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் விமானம் ஏரியில் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 26. அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்த பார்-கேஸ் குழுவின் இளைஞர்களில் நால்வரும் அந்த விபத்தில் போனார்கள்.

அடுத்த சில மாதங்களில் இன்னொரு இடி. ஸ்டாக்ஸ் இசைத்தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் நிறுவனம் கைமாறுகிறது. அப்போதுதான் 1965 ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்துப் பார்க்கிறார்கள். அட்லாண்டிக் விநியோகித்த பாட்டுகளின் மூலப்பதிவுகள் ஸ்டாக்ஸுக்குச் சொந்தம் இல்லை! ஸ்டீவர்ட் முழுதாகப் படிக்காமல் நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அத்தனை பேர் ராப்பகலாய் உழைத்தது எல்லாம் ஒப்பந்தத்தின் ஒரே ஷரத்தில் போய்விட்டது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டது லொரெய்ன் மோட்டலில். ஸ்டாக்ஸ் கலைஞர்கள் தங்கிப் பாட்டு எழுதிய அதே விடுதி.

அதற்குப் பிறகு கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர் ஆல் பெல் என்ற கறுப்பின நிர்வாகி. 1969-இல் ஒரே மூச்சில் 27 ஆல்பங்களை வெளியிட்டார். ஸ்டாக்ஸ் பாடகர் ஐசக் ஹேய்ஸ் உச்சத்துக்குப் போனதும் அப்போதுதான். மூன்றாம், நான்காம் பாகங்களில் பெல்லும், நிறுவனத்தின் விளம்பரப் பணியைப் பார்த்த டீனி பார்க்கரும் பேசுவதைக் கவனித்துக் கேளுங்கள். 1975-இல் திவாலாகிக் கதவு மூடியதைச் சொல்லும்போது பார்க்கரின் சொற்களுக்கு இருக்கும் கனம் வேறு யார் பேச்சிலும் இல்லை.

பாட்டுகளை முன்பே கேட்டிருக்க வேண்டும் என்றில்லை, நேராகத் தொடரைப் பார்க்கலாம். முடித்ததும் 'வாட்ஸ்டாக்ஸ்' படத்தையும் தேடிப் பாருங்கள். 1972 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியத்தில் ஒரு டாலர் டிக்கெட்டில் ஒரு லட்சம் பேர் கூடிய ஸ்டாக்ஸ் கலைஞர்களின் கச்சேரி அது.