எல்லாம் நன்றாக இருந்தும் ஒரு வடிவமைப்புக் கோளாறால் உங்களை எரிச்சலூட்டிய வீடியோ கேம் எது?

யோசிக்கவே வேண்டாம். பிராஜக்ட் ஐ.ஜி.ஐ.

2000 டிசம்பரில் வந்த துப்பாக்கி கேம் அது. செய்தவர்கள் நார்வேயைச் சேர்ந்த இன்னர்லூப் நிறுவனத்தார். எங்கள் பக்கம் அது பரவியது அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான். சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டர் நடத்திய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ரோட் ராஷ், வைஸ் சிட்டி, ஐ.ஜி.ஐ. இந்த மூன்றும் இல்லாத சிஸ்டத்தில் பசங்க உட்காரவே மாட்டார்கள்.

முதலில் அது ஏன் நல்ல கேம் என்று சொல்லிவிடுகிறேன். இன்னர்லூப் அதற்கு முன்பு ஒரு போர் விமான கேம் செய்திருந்தது. அந்த விமான கேமின் இன்ஜினையே, அதாவது கேமை இயக்குகிற அடிப்படை மென்பொருளையே, ஐ.ஜி.ஐ.க்கும் எடுத்துக்கொண்டார்கள். வானத்திலிருந்து பார்ப்பதற்காகக் கட்டிய நிலம் என்பதால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெட்டவெளியும் மலையும் விரிந்து கிடக்கும். மற்ற துப்பாக்கி கேம்கள் பெரும்பாலும் அறைக்குள்ளும் சந்துக்குள்ளும் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. இங்கே மேட்டில் படுத்துக்கொண்டு பைனாகுலரில் பார்த்தால் கீழே முழு முகாமும் தெரியும். கோபுரத்தில் ஒருத்தன் நிற்பான், இன்னொருத்தன் வேலியோரம் நடந்துகொண்டிருப்பான். எந்தப் பக்கம் இறங்குவது, எந்த கேமராவை முதலில் அணைப்பது எல்லாம் நம் முடிவு. கம்பியைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு போகிற இடங்களும் உண்டு. அந்த வயதில் அதெல்லாம் பெரிய விஷயம்.

சரி, கோளாறு என்ன? ஒரு மிஷன், அதாவது ஒரு கட்டம், ஆடிக்கொண்டிருக்கும்போது நடுவில் சேவ் கிடையாது. ஆடியதைப் பதிந்துவைத்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மொத்தம் 14 மிஷன். ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். ஊர்ந்து ஊர்ந்து முக்கால் மணி நேரம் போய், கடைசி கட்டடத்தின் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து ஒருத்தன் சுட்டான் என்றால், மறுபடியும் அதே மேடு, அதே பைனாகுலர். அது போதாதென்று அலாரம் அடித்துவிட்டால் காவலர் குடியிருப்பிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆளே இருக்காது, ஆனால் கதவு திறந்து அடுத்தவன் வருவான். எத்தனை பேரைச் சுட்டாலும் தீராது என்றால், சுட்ட தோட்டாவுக்கு என்ன மதிப்பு?

அந்தக் காலத்துக் கேம்கள் அப்படித்தான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1998இல் வந்த ஹாஃப் லைஃபில் நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம். ஐ.ஜி.ஐ. வந்த அடுத்த வருடமே மேக்ஸ் பெய்ன் வந்தது, அதிலும் ஒரு பட்டனைத் தட்டினால் சேவ் ஆகிவிடும். (மேக்ஸ் பெய்னிலும் ஒரு கொடுமை உண்டு. கனவில் ரத்தக்கோட்டின் மேலேயே நடந்து போகிற அந்தப் புதிர்ப்பாதை. குழந்தை அழுகிற சத்தம் வேறு. ஆனால் சேவ் இருந்ததால் பிழைத்தோம்.)

இதில் பணமும் சேர்ந்திருந்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில்தானே காசு. மிஷன் முடிகிற நேரம் பார்த்து சென்டர் நடத்துகிற அண்ணன் பின்னால் வந்து நிற்பார். "தம்பி, டைம் முடிஞ்சுதுங்க. இன்னொரு மணிநேரம் போட்டுக்கட்டுங்களா?" பாக்கெட்டில் பஸ் காசு மட்டும்தான் இருக்கும். எழுந்து போனால் அந்த ஒரு மணி நேரமும் அம்போ.

அப்புறம் வீட்டுக்கே கம்ப்யூட்டர் வந்தது, கூடவே மின்வெட்டும் வந்தது. 2012 வாக்கில் கோவை, திருப்பூர், ஈரோட்டில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. கரண்ட் போனால் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்குகிற யுபிஎஸ் எங்கள் வீட்டில் இருந்தது, ஆனால் அதன் பேட்டரி வீக்காகிவிட்டிருந்தது. கரண்ட் போனதும் கீக் கீக் என்று கத்தத் தொடங்கும், கத்துகிற இடைவெளி குறைந்துகொண்டே வந்து பட்டென்று அணைந்துவிடும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் சேவ் செய்துவிட்டு சிஸ்டத்தை ஒழுங்காக நிறுத்தலாம். ஐ.ஜி.ஐ.யில் அந்த நிமிடங்களை வைத்து என்ன செய்வது? யுபிஎஸ் கத்துவதைக் கேட்டுக்கொண்டே இன்னும் நாலு பேரைச் சுடலாம், அவ்வளவுதான்.

எங்களுடையது விசைத்தறிக் குடும்பம். கரண்ட் போனால் தறி குடோனில் சத்தம் நின்றுவிடும், அப்பா வீட்டுப் பக்கம் வந்து உட்காருவார். நான் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதை ஒருநாள் கவனித்துவிட்டுக் கேட்டார்: "ஏஞ்சாமி, கரண்ட்டு போனா தறியுந்தான் நிக்குது. வந்தா மறுக்கா மொதல்ல இருந்தா நெய்யறோம்?" நியாயமான கேள்வி. தறி விட்ட இடத்திலிருந்துதான் ஓடும். துணியில் நின்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு விழும், வாங்குகிறவர் முனகுவார், அதோடு சரி.

சேவ் இல்லாததுதான் த்ரில் என்று வாதாடுகிற நண்பர்கள் எனக்கும் உண்டு. அதில் பாதி உண்மை. 1996இல் வந்த ரெசிடென்ட் ஈவிலில் டைப்ரைட்டர் இருக்கிற இடத்தில்தான் சேவ் செய்யலாம், அதற்கும் மை ரிப்பன் வேண்டும், ரிப்பனும் அளவாகத்தான் கிடைக்கும். அங்கே எனக்கு எரிச்சல் வந்ததில்லை. தோட்டா, மருந்து, ரிப்பன் எல்லாமே பற்றாக்குறை என்பதுதான் அந்த கேம். இப்போது செலவழிப்பதா, அடுத்த அறைவரை தாங்குவதா என்று நாம்தான் முடிவு செய்கிறோம். ஐ.ஜி.ஐ.யில் சேவ் விஷயத்தில் நாம் முடிவு செய்ய ஒன்றுமே இல்லை.

இன்னும் நல்ல உதாரணம் டார்க் சோல்ஸ். 2011இல் வந்தது. கஷ்டமான கேம் என்றாலே எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். செத்தால் சேர்த்ததெல்லாம் அங்கேயே கிடக்கும், திரும்பப் போய் எடுப்பதற்குள் இன்னொரு முறை செத்தால் அதுவும் போச்சு. ஆனால் அது தானாகவே அடிக்கடி சேவ் செய்துகொண்டிருக்கும். கரண்ட் போய் வந்தால் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கலாம். நான் தப்பு செய்தால் தண்டிக்கிறது, மின்வாரியம் செய்கிற தப்புக்கு என்னைத் தண்டிப்பதில்லை. அதற்காக டார்க் சோல்ஸ் குறையே இல்லாதது என்று இல்லை. 2012இல் வந்த பிசி வெர்ஷனில் மவுஸை வைத்து ஆடவே முடியாது. மானிட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் படம் உள்ளுக்குள் 1024க்கு 720 புள்ளிகளில்தான் உருவாகும். வெளிவந்த கையோடு ரசிகர் ஒருவர் அதைச் சரி செய்யும் சின்ன மென்பொருள் (பேட்ச்) எழுதிப் போட்டார், நாங்கள் எல்லாம் அதை வைத்துத்தான் ஆடினோம்.

ஐ.ஜி.ஐ.யின் இரண்டாம் பாகம் 2003இல் வந்தபோது மிஷன் நடுவில் சேவ் கொடுத்தார்கள், ஆனால் எண்ணி எண்ணி. அதுவே நிம்மதியாக இருந்தது.

ஜிடிஏ பற்றிச் சொல்லாவிட்டால் கமென்ட்டில் அடிக்க வருவீர்கள். அந்த வரிசையில் வந்த வைஸ் சிட்டியில் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் நாலு குண்டு வைக்கிற மிஷன் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிசியில் ஹெலிகாப்டரைச் சாய்ப்பதற்கு கீபோர்டின் வலது ஓரத்து நம்பர் பட்டன்கள் வேண்டும். மாமன் மகன் வாங்கிய சின்ன லேப்டாப்பில் அந்தப் பகுதியே கிடையாது. மாப்பிள்ளை கன்ட்ரோலை மாற்றி அமைக்கத் தெரியாமல், அந்த ஒரு மிஷனுக்காக எங்கள் வீட்டிலிருந்து தனி கீபோர்டு வாங்கிப்போனான். ஒன்று சொல்கிறேன், யாருக்காவது உதவும்: முதல் குண்டை எடுத்தபிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்கு முன்பே உள்ளே போய், வேலையாட்களை ஹெலிகாப்டரின் இறக்கையாலேயே ஒழித்துக்கட்டிவிட்டு நிதானமாக வந்து குண்டை எடுங்கள்.

அதே ஜிடிஏ வரிசையில் வந்த சான் ஆன்ட்ரியாஸில் ரயிலைத் துரத்துகிற மிஷனும் இப்படித்தான். அதில் கஷ்டம் பெரிதில்லை. ரயிலுக்கு மிக அருகில் போகாமல் கொஞ்சம் விலகி ஓட்டினால் பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி ஸ்மோக் ரயில் மேல் இருப்பவர்களைச் சுட்டுவிடுவான். ஆனால் தோற்றால் மறுபடி ஸ்மோக் வீடு, அங்கிருந்து ரயில் நிலையம், அப்புறம்தான் துரத்தல். 2013இல் மொபைலுக்கு வந்த வெர்ஷனில் மிஷன் நடுவே செக்பாயின்ட் வைத்துவிட்டார்கள், தோற்றால் அங்கிருந்தே தொடரலாம். தொடுதிரையில் வண்டி ஓட்டுவது கொடுமைதான், இருந்தாலும் கதையை முடிக்க வேண்டும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

வேறு வகைக் கோளாறு ஒன்று: 2011இல் வந்த டியூஸ் எக்ஸ் ஹியூமன் ரெவல்யூஷன். யாரையும் கொல்லாமல் ஒளிந்து ஒளிந்தே போகலாம், கம்ப்யூட்டரை ஹேக் செய்து போகலாம், பேசியே சமாளிக்கலாம் என்று கேம் முழுக்கச் சொல்லும். அதை நம்பி அந்தத் திறமைகளையே வளர்த்துக்கொண்டு போனால், திடீரென ஓர் அறையில் பூட்டி, எதிரே பெரிய துப்பாக்கியோடு ஒரு தடியனை நிறுத்திவிடுவார்கள். சுட்டே தீர வேண்டும். அந்தச் சண்டைகளை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. 2013இல் டைரக்டர்ஸ் கட் என்ற பெயரில் வந்த திருத்திய வெர்ஷனில் சுடாமல் ஜெயிக்கவும் வழி வைத்தார்கள். வாங்கினால் அதை வாங்குங்கள்.

அதே 2013இல் சிம்சிட்டி. ஊர் கட்டுகிற கேம், தனியாக உட்கார்ந்து ஆடுவது. அதற்கு நெட் எப்போதும் இருக்க வேண்டும் என்றார்கள். வெளிவந்த நாட்களில் சர்வர் தாங்காமல், காசு கொடுத்தவர்களே உள்ளே போக முடியாமல் நின்றார்கள். நெட் இல்லாமல் ஆடும் வசதி ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. அதற்கு அடுத்த வருடம் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் வந்துவிட, நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். அதில் ஆறு லேன் ரோடு போட்டுக் கொடுத்தாலும் எல்லா லாரியும் ஒரே லேனில்தான் வரிசையாக நிற்கும். ஆனால் நினைத்த நேரத்தில் சேவ் செய்யலாம், அதனால் டிராஃபிக்கைப் பொறுத்துக்கொள்கிறேன்.