தடையின் முன் நிற்கும் குதிரை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பயிற்சியில் 1 மீட்டர் தடையைத் தாண்டும் என் குதிரை, போட்டியில் இரண்டாவது தடைக்கு முன் நின்றுவிடுகிறது. சாட்டையை எடுக்கலாமா?

பதில்: அதற்கு முன் இரண்டைப் பாருங்கள். முதலாவது முதுகு. சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் வியர்வைத் தடத்தைக் கவனியுங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, உள்ளங்கை அளவு இடம் மட்டும் உலர்ந்திருந்தால், சேணம் அங்கே அழுத்துகிறதோ என்று ஐயப்பட வேண்டும். வலிக்கும் குதிரையை அடித்துத் தாண்டவைத்தால் அடுத்த முறை இன்னும் தள்ளியே நின்றுவிடும்.

இரண்டாவது உங்கள் கை. தடைக்கு முந்தைய கடைசி மூன்று பாய்ச்சல்களை (ஓட்டத்தில் குதிரை வைக்கும் எட்டுகளை) யாரையாவது கைப்பேசியில் படம்பிடிக்கச் சொல்லுங்கள். முதல் தடையைத் தாண்டிய பதற்றத்தில் கடிவாள வாரை இழுத்துக்கொண்டே காலால் முன்னே தள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. "போ" என்றும் "நில்" என்றும் ஒரே நேரத்தில் சொன்னால் குதிரை எதைக் கேட்கும்? கேன்டர் எனும் மிதவேக ஓட்டத்தில் ஒரு பாய்ச்சல் ஏறத்தாழ 3.6 மீட்டர், அதாவது நம் நடையில் நான்கு எட்டு. இறங்க இரண்டு எட்டு, எழும்ப இரண்டு எட்டு என்று விட்டுக் கணக்கிட்டால், 20 எட்டு இடைவெளியில் நான்கு பாய்ச்சல் அமையும். தரையில் 18 மீட்டர் இடைவெளியில் இரண்டு கட்டைகளைப் போட்டு, ஒருமுறை நான்கிலும் மறுமுறை ஐந்திலும் கடந்து பழகுங்கள். தடையை உயர்த்தும் அவசரம் இப்போது வேண்டாம். குதிரை தடைக்கு முன் நின்றுவிடும் முதல் மறுப்புக்கு 4 தண்டப்புள்ளி, இரண்டாவதற்கு வெளியேற்றம் என்ற சர்வதேச விதி நினைவிருக்கட்டும்.

கேள்வி: டிரெஸ்ஸாஜில் (குதிரையின் நடையையும் வட்டம் போன்ற அசைவுகளையும் நடுவர் மதிப்பிடும் போட்டி) 20 மீட்டர் வட்டத்துக்கு எப்போதும் பத்துக்கு 5 மதிப்பெண்தான். ஏன்?

பதில்: வட்டம் முட்டையாகியிருக்கும். இடங்களை எழுத்துகளால் குறித்திருக்கும் 60 மீட்டர் களத்தில், குறுகிய பக்கத்தின் நடுவிலுள்ள ஏ எழுத்தில் தொடங்கும் வட்டம், எஃப் எழுத்துக்கு 4 மீட்டர் அப்பால் வேலியைத் தொட்டு, எல் புள்ளிக்கு 2 மீட்டர் அப்பால் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். எழுத்தையே குறியாக வைத்துப் போகிறவர்கள் மூலைக்குள் புகுந்துவிடுகிறார்கள். குதிரை உள்ளே சரிந்தால் உள்பக்க வாரை இழுக்காமல், உள்காலால் தள்ளி வெளிப்பக்க வாரில் தாங்குங்கள்.

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரை போதுமா, வெளிநாட்டுக் குதிரைதான் வேண்டுமா?

பதில்: தொடக்கநிலைப் போட்டிகளுக்குத் தாராளமாகப் போதும், ஆனால் கடிவாளத்தில் சாய்ந்து ஓடிப் பழகிய அதற்கு, நிதானமாக நடக்கவும் வளையவும் கற்றுத்தரப் பல மாதங்கள் ஆகும். உச்சநிலை வேறு கதை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்குப் பின் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது 2023இல், ஹாங்சோவில். அந்த டிரெஸ்ஸாஜ் அணியினர் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். அந்தச் செலவைப் பற்றி யோசிப்பதற்கு முன், ஒழுங்காகப் பழக்கிய வயதான குதிரை ஒன்றில் ஓராண்டு சவாரி செய்யுங்கள்.